கை பட்டதா, அடித்தாளா

நான் முப்பத்திரண்டு வருஷம் சென்னைக் கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். தெலுங்கிலோ உருதுவிலோ ஒருவர் சொல்வதை ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஜட்ஜ் கேட்பதை அவருக்கு அவர் மொழியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. இன்று அந்த வேலையில் இருக்கும் ஜெயந்தி என்ற பெண் போன மாதம் போன் செய்தாள். சாட்சிகள் பேசுவதை இனிமேல் ஒலிப்பதிவு செய்யலாமா என்று பேச்சு நடக்கிறதாம். "உங்க காலத்துல இந்த மெஷின் இருந்திருந்தா எந்த கேஸ் சார் வேற மாதிரி முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஞாபகமில்லையம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாபகமில்லை என்று சொன்னது பொய். கோட்டம்மா கேஸ் என்று உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

எந்தக் கோர்ட், எந்த ஜட்ஜ் என்பது வேண்டாம். ஜட்ஜ் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மயிலாப்பூர்தான் எனக்கு ஊர். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். உருது, மீர்சாகிப்பேட்டையில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் நான்கு வருஷம் மாலை நேரங்களில் கற்றது. அறுபதுகளின் கடைசியில் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். பரீட்சைக்கு அகராதி போதுமாக இருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அகராதியில் இல்லாதது எவ்வளவு என்று தெரிந்தது.

கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வருகிறார்கள்: அந்தக் கெடுதலை நீ செய்தாயா, அது நடந்துவிட்டதா? ஒவ்வொரு மொழியும் இந்த இரண்டையும் தன் வழியில் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் 'உடைந்தது' என்றால் ஆளைத் தேட வேண்டாம். 'உடைத்தது' என்றால் ஆள் வேண்டும். மெல்லினம் வந்தால் தானாக நடந்தது, வல்லினம் வந்தால் ஒருவர் செய்தது. ஒரே ஒரு புள்ளி எழுத்து. உருதுக்காரர் 'முஜ்ஸே கிர் கயா' என்பார். என்னிடமிருந்து விழுந்துவிட்டது என்று அர்த்தம். கை என்னுடையதுதான், எண்ணம் என்னுடையது இல்லை. இங்கிலீஷில் இதைச் சொல்ல முடியாது என்று இல்லை. சொல்வதற்கு நேரம் வேண்டும். கோர்ட்டில் அது கிடைக்காது.

எங்கள் ஜட்ஜ் சாட்சியத்தைத் தன் கையால்தான் எழுதுவார். டைப் அடிப்பவரை நம்ப மாட்டார். நான் ஒரு வாக்கியம் சொன்னதும் இடது கையின் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். விரல் நிற்கும்வரை கோர்ட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எழுதியதைத் தனக்குள் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு விரலை இறக்குவார். ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டு, மை காய்ந்ததா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கைதிக்குத் தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாராவது இருந்தால் அது அவர் இல்லை.

எழுவாய் இல்லாத வாக்கியம் மட்டும் அவருக்கு ஆகாது.

வேலைக்கு வந்த மறு வருஷம் தியாகராய நகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜட்கா வண்டிச் சக்கரம் ஒருவர் பாதத்தில் ஏறிவிட்டது. வண்டிக்காரர் உருது பேசும் கிழவர். "முஜ்ஸே லக் கயா, ஹுஜூர்", என்னிடமிருந்து பட்டுவிட்டது என்று கை கூப்பினார். நான் அதை இங்கிலீஷில் சொல்லி, பிறகு அந்தச் சொற்றொடரில் எண்ணம் எப்படி விலக்கப்படுகிறது என்று இரண்டு நிமிஷம் விளக்கினேன். விரல் தூக்கியபடியே நின்றது. ஒன்றும் எழுதவில்லை. அன்று மத்தியானம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் ராகவலு, நீ வக்கீலா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப வியாக்கியானம் எதுக்கு? அவன் சொன்னதைச் சொல்லு. யார் செஞ்சது, என்ன செஞ்சது, யாருக்குச் செஞ்சது. மிச்சத்தைப் பாத்துக்க நான் இருக்கேன்."

தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மொழிபெயர்ப்பாளன் வாதாடக் கூடாதுதான். ஆனால் அன்றிலிருந்து நான் சுருக்கிச் சொல்லப் பழகிக்கொண்டேன். விரல் சீக்கிரம் இறங்கினால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'ராகவலு இருந்தா வேலை ஓடும்' என்று கோர்ட்டின் தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார் நாலு பேரிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

கோட்டம்மா வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையை ஒட்டி மாடி வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள் அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கியிருந்தன. கோட்டம்மா சித்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். புருஷன் ஈரய்யா கொத்தனாருக்குக் கையாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒருநாள் காலை சாரத்தின் மேல், இரண்டாவது மாடி உயரத்தில், புருஷன் பெண்டாட்டி இருவரும் நின்றிருந்தார்கள். ஈரய்யா கீழே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அவள் பிடித்துத் தள்ளினாள் என்று கேஸ். கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம். சட்டப் புத்தகத் தமிழில் அப்படித்தான் போடுவார்கள். வயலில் நெல் விளைவிக்கிற அதே சொல்.

கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. வாட்ச்மேன் மட்டும் வந்தார்.

"நான் மணல் பக்கம் குந்திகினு இருந்தேன் சார். காலீலேர்ந்து ரெண்டு பேரும் கத்திகினு இருந்தாங்க. அந்தம்மா தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போவணும்னுது, அவன் போவாதேன்றான். அப்பறம் தொப்புனு சத்தம். திரும்பிப் பாத்தா அந்தாளு கீய கெடக்கறான்."

"அந்தப் பெண் தள்ளியதை நீ பார்த்தாயா?" என்று அரசாங்க வக்கீல் கேட்டார்.

"இன்னா சார், பாத்தா சொல்ல மாட்டனா? சண்டன்னா பாத்தேன். வியறத பாக்கல."

ஆகவே எல்லாம் அவள் வாயில்தான் இருந்தது. சாட்சிகள் முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரை ஜட்ஜே நேராகக் கேள்வி கேட்பார். பதிலை எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு கைநாட்டு வாங்க வேண்டும். அதுதான் முறை.

கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிமெண்ட் தின்ற விரல்கள். நகங்களைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புண். என்ன நடந்தது என்று ஜட்ஜ் கேட்டதை நான் தெலுங்கில் கேட்டேன். மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஆயன நா செய்யி பட்டுகுன்னாடு. நேனு திரிகானு. நா செய்யி தகிலிந்தி. படிபோயாடு."

அவர் என் கையைப் பிடித்தார். நான் திரும்பினேன். என் கை பட்டது. விழுந்துவிட்டார்.

தகிலிந்தி. கூட்டத்தில் தோளோடு தோள் உரசினாலும் தகிலிந்தி. கால் கல்லில் இடித்தாலும் தகிலிந்தி. தெலுங்கில் 'கொட்டானு' என்றால்தான் அடித்தேன். 'தோசானு' என்றால்தான் தள்ளினேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை.

நான் "ஹெர் ஹேண்ட் ஸ்ட்ரக் ஹிம்" என்றேன். ஏன் அந்தச் சொல் வந்தது என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். படபடவென்று வந்தது. அவ்வளவுதான்.

ஜட்ஜ் விரலைத் தூக்கவில்லை. பேனாவோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கை எப்படித் தானா அடிக்கும், மிஸ்டர் ராகவலு? அவ கையால அவ அடிச்சா. அதானே?"

அவர் தமிழர். 'கை பட்டுடுச்சுன்றாங்க ஐயா' என்று நான் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருப்பார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும். ஜட்கா கேஸ் என் நினைவில் இருந்தது. வியாக்கியானம் கூடாது.

"எஸ், யுவர் ஆனர்" என்றேன்.

விரல் எழுந்தது. முணுமுணுத்தபடி எழுதினார்: ஐ ஸ்ட்ரக் ஹிம் வித் மை ஹேண்ட் அண்ட் ஹி ஃபெல். விரல் இறங்கியது.

பிறகு தாளை என்னிடம் கொடுத்தார்கள். படித்துக் காட்ட வேண்டியது என் வேலை. இங்கிலீஷில் இருந்ததைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னேன். அந்த வாக்கியத்துக்கு வந்தபோது என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "நா செய்யி தகிலி படிபோயாடு." ஐந்து நிமிஷத்துக்கு முன் அவளிடம் கேட்டதுதான் காதில் இருந்தது. அதையே சொல்லிவிட்டேன். அவளுக்கு அவள் சொன்னதே திரும்பக் கேட்டது.

"அவுனய்யா" என்றாள். ஆமாம் ஐயா.

அவள் கட்டை விரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தேன். அவள் விரல் தோலில் ரேகையே சரியாக விழவில்லை. இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. ஜட்ஜ் படிக்கப் படிக்க நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். சண்டை நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவளே தன் வாயால் தான் அவனை அடித்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று படித்தார். இந்த முறை பழைய பேச்சு காதில் இல்லை. எழுதியிருந்தது மட்டும்தான் இருந்தது. "நேனு கொட்டானு அனி நூவே செப்பாவு" என்றேன். அடித்தேன் என்று நீயே சொன்னாய்.

அவள் தலை நிமிர்ந்தது. அதுவரை ஜட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"நேனு அலா அனலேதய்யா." நான் அப்படிச் சொல்லவில்லையே ஐயா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. 

"என்ன சொல்றா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

இதுவரை எழுதியது கவனக்குறைவு. அதற்கு மன்னிப்பு உண்டு என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்வேன். அடுத்து நான் செய்தது அப்படி இல்லை. தெரிந்தே செய்தேன்.

"கருணை காட்டணும்னு கேட்டுக்கறாங்க ஐயா" என்றேன்.

ஐந்து வருஷம் கடுங்காவல். அதையும் நான்தான் அவளுக்குச் சொன்னேன். போலீஸ்காரப் பெண் அவள் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வாசலில் கொட்டகைப் பெண்கள் சிலர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அது அழவில்லை. யாரோ கொடுத்த முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன். மற்ற கேஸ்களில் சாட்சி வாயைத் திறந்தாலே எனக்கு வியர்க்கும். ஒரு சொல்லுக்கு மூன்று சொல் சொல்லித் தடுமாறுவேன். சிரஸ்தார் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். வீட்டில் சொல்லவில்லை. கடைசியில் அவளுக்காக அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல் சம்பத்தைக் கச்சேரி ரோட்டில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். சின்ன வயது. தெலுங்கு தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இதை எழுதிக் கொடுத்தேள்னா உங்க வேலைக்கே ஆபத்து. தெரிஞ்சுண்டுதான் வந்தேளா?"

"தெரியும்."

"ஆத்துல சொல்லிட்டேளா?"

"இல்லை."

"மொதல்ல ஜட்ஜைப் பாருங்கோ. அவர் காதுக்கு வெளியிலேர்ந்து போனா நன்னா இருக்காது."

ஜட்ஜின் அறையில் நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். வயதானவராகத் தெரிந்தார்.

"அந்தப் பொண்ணு அன்னைக்குக் கருணை கேக்கலையா?"

"இல்லீங்க ஐயா. நான் அப்படிச் சொல்லலைன்னாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

 அவரே மேலும் கேட்டார். "நான் அவசரப்படுத்தினேனா?"

"இல்லீங்க ஐயா" என்றேன். அதுவும் முழுக்க உண்மையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டார்.

"எழுதிக் கொடு. அவ சொன்ன தெலுங்கு வார்த்தையை அப்படியே எழுது. பக்கத்துல நீ சொன்னதை எழுது. அதுக்குப் பக்கத்துல நான் எழுதினதை எழுது. மேல் கோர்ட்டுக்குப் போகட்டும்."

மேல் கோர்ட்டில் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அஜாக்கிரதை என்ற அளவுக்குக் குற்றத்தைக் குறைத்து, இருந்த காலமே போதும் என்று விட்டுவிட்டார்கள். எனக்குக் கண்டிப்பு, பதவி உயர்வு நிறுத்தம். வேலை போகவில்லை. ஜட்ஜ் எனக்காக எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அதற்குப் பிறகு அவர் கோர்ட்டில், சந்தேகமான சொல் வந்தால், "மூலத்தையும் சொல்லு" என்பார். அதைத் தன் தாளில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்வார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டேன்.

விடுதலையான ஒரு வாரத்தில் கோட்டம்மா கோர்ட்டுக்கு என்னைத் தேடி வந்தாள். தலைமுடி பாதி கொட்டியிருந்தது. நான் செய்ததை சம்பத் யாரையோ வைத்து அவளுக்குச் சொல்லியிருந்தார். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. குழந்தை மாமியாரிடம் இருக்கிறது. ஈரய்யாவின் அம்மாவும் அண்ணனும் இப்போது ஆதம்பாக்கத்தில் ஒரு கட்டட வேலையில் இருக்கிறார்கள். குழந்தையைக் கண்ணில் காட்ட மறுக்கிறார்கள். கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டாள், ஜட்ஜே எழுதினார் என்று சொல்கிறார்களாம். "நீங்க வந்து சொன்னா நம்புவாங்க அய்யா. சொன்னது நான் இல்லைன்னு நீங்கதானே சொல்லணும்." தெலுங்கில்தான் சொன்னாள். இனி வருவதும் அப்படியே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். பாதி எழும்பிய சுவர்கள், செங்கல் அடுக்கு, பக்கத்தில் ஓலைக் கொட்டகைகள். கோட்டம்மாவைக் கிட்டே வரவிடவில்லை. செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கமே நிற்கச் சொன்னான் அண்ணன். நான் மட்டும் போனேன். மாமியார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முதுகோடு ஒட்டிக்கொண்டு அந்தக் குழந்தை. ஆறு வயதாகியிருந்தது.

சொன்னேன். உங்கள் மருமகள் அடித்தேன் என்று சொல்லவே இல்லை, கை பட்டது என்றுதான் சொன்னாள், நான்தான் மாற்றிச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். எதையும் குறைக்கவில்லை.

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் நீதானே அய்யா சொன்னே?"

"ஆமாம்."

"கோர்ட்டுல, ஜட்ஜு முன்னாடி, சத்தியம் பண்ணிட்டுச் சொன்னே. இன்னைக்கு அவளோட பஸ்ஸுல வந்து வேற சொல்றே. எம் புள்ள செத்தது மட்டும் ரெண்டு தடவையும் ஒண்ணுதான்."

  குழந்தை கிழவியின் தோளுக்கு மேலே தலையை நீட்டி, செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்தது. பிறகு கிழவியின் காதில் ஏதோ கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. தூரத்தில் நின்றவளுக்கு வாய் அசைந்தது மட்டும் தெரிந்திருக்கும்.

திரும்பி நடந்தோம். கிண்டி வழியாகப் போகும் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றபோதுதான் கோட்டம்மா பேசினாள்.

"அய்யா, எம் பொண்ணு என்னைப் பாத்து என்னமோ கேட்டாளே. என்ன கேட்டா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"உள்ளதைச் சொல்லு அய்யா. மாத்தாம சொல்லு."

சொன்னேன். ஒரு எழுத்தும் மாற்றாமல், குழந்தை சொன்ன அதே சொற்களில் சொன்னேன். "அவ்வா, நான்னனி கொட்டிந்தி ஈமேனா?" பாட்டி, அப்பாவை அடித்தது இந்த அம்மாள்தானா?

அவள் அழவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பஸ் வந்தது. பெண்கள் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கிண்டியில் நான் இறங்கியபோது திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. கோட்டூர்புரத்தில் விசாரித்தேன், ஆதம்பாக்கத்தில் விசாரித்தேன். ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள் சிலர். தெரியாது என்றார்கள் சிலர்.

அன்று பஸ் நிறுத்தத்தில் நான் சொன்னதில் பிழை இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.